கடற்கரைப் பேராலையில் தேக நலமும் பாதுகாப்பும்

தூத்துக்குடி 1974-ஆம் ஆண்டில் பெருந்துறைமுகம் என்னும் தகுதியைப் பெற்றதும், மறு ஆண்டிலேயே ஸ்பிக் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும், அதனைத் தொடர்ந்து கனநீர் ஆலையும் அனல் மின் நிலையமும் வேறு பல இரசாயனத் தொழிற்கூடங்களும் அதே கரையில் எழுந்ததும், முத்துக்கும் சங்குக்கும் உப்புக்கும் பேர்போன இவ்வூரின் உழைப்பாளிகளை அவர்தம் முன்னோர் கண்டறியாத அபாயங்களின் நடுவே கொண்டுவந்து நிறுத்தின. அத்தகைய ஆலையொன்றில் பாதுகாப்புக் குழுவுக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொழிலாளிக்கும், தொழிலாளர் நல அலுவலருக்கும், ஷிப்ட் பொறுப்பேற்றிருக்கும் இளம் பொறியாளருக்கும் இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

பெரிய ஆலைகளில் தேக நலத்தை மருத்துவ மையத்தின் காரியமாகவும், பாதுகாப்பைத் தலைக்கவசமும் பெர்மிட்டும் சார்ந்த வேறொரு பிரிவின் காரியமாகவும் பிரித்து வைத்திருப்பார்கள். இந்தப் பிரிவினையை முதலில் உங்கள் மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள். இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்துக் கண் செருகியவர்தான் ஏணியிலிருந்து தவறுகிறார். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காதவர்தான் சாரத்தின் மேல் மயங்குகிறார். தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சி மறைத்தவர்தான், கொதிகலன் அருகே வியர்த்து விழுகையில் ஏன் விழுந்தார் என்று எவரும் அறியாதபடி கிடக்கிறார். இந்த மூவரும் பெரும்பாலும் காண்டிராக்டர் வழியாக வந்த கூலித் தொழிலாளராகவே இருப்பர். ஆகையால் திட்டத்தை அவர்களிடமிருந்து தொடங்குங்கள். நிரந்தரத் தொழிலாளர்க்கு அது தானாகவே வந்து சேரும்.

முதல் வேலை: ஆலையைச் சுற்றிப் பார்த்தல்

எந்தத் திட்டத்தையும் காகிதத்தில் எழுதுமுன் ஆலையைக் காலால் அளந்துவிட வேண்டும். அதன் கிரமம் பின்வருமாறு:

1. காலை, மாலை, இரவு ஆகிய மூன்று ஷிப்டுகளிலும் ஒருமுறையேனும் செல்லுங்கள். காலை ஷிப்டில் மட்டும் கண்ட ஆலை பாதி ஆலையே.

2. சுற்றைக் கட்டுப்பாட்டு அறையில் தொடங்காதீர்கள். காண்டிராக்ட் தொழிலாளர் கேட் பாஸுக்காக வரிசையில் நிற்கும் வாயிலில் தொடங்கி, அவர்கள் உடை மாற்றும் இடம், உண்ணும் இடம், சுமை தூக்கும் இடம் என்று அவர்கள் நடக்கும் வழியிலேயே நடங்கள்.

3. ஒவ்வொரு வேலையிடத்திலிருந்தும் குடிநீர், கழிப்பறை, நிழல், முதலுதவிப் பெட்டி, அவசர ஷவர் ஆகிய ஐந்தும் எத்தனை காலடித் தொலைவில் உள்ளன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

4. மேலதிகாரியை உடன் அழைத்துச் செல்லாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராயினும், அவர் நிற்கும் இடத்தில் தொழிலாளி வாய் திறப்பதில்லை.

5. கேள்விகளைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். “அண்ணாச்சி, இந்த வேலையில எதுக்குப் பயப்படுதீங்க? போன மாசம் எது நூலிழையில தப்பிச்சுது?” என்னும் இரண்டும் போதும். பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சொல்லில் திருத்தி எழுதினால் அதன் உயிர் போய்விடும்.

பலரும் செய்யும் தவறு, தேசியப் பாதுகாப்பு தினமாகிய மார்ச் 4-ஆம் தேதியன்று உறுதிமொழியும் பேச்சுப்போட்டியும் வைத்துத் திட்டத்தைத் தொடங்குவது. விழா நடக்கட்டும், ஆனால் மேற்கண்ட சுற்று முடிந்து, அதில் கண்ட குறைகளில் இரண்டையாவது தீர்த்துவைத்த பின்னரே நடக்கட்டும்.

குழுவை அமைத்தல்

1984 டிசம்பரில் போபாலில் நேர்ந்த பேரழிவுக்குப் பிறகு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-இல் ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அபாயகரமான தொழில் நடைபெறும் ஆலைகளில் நிர்வாகத்தின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமர்ந்த பாதுகாப்புக் குழு வேண்டும் என்பதும், உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் அதனை எடுத்துச் சொல்லத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்பதும், அத்தகைய வேலையில் அமர்த்துமுன்னும் பின்னர் 12 மாதத்திற்கு ஒருமுறையேனும் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பதும் அதில் கண்டவை. பாதுகாப்புக் குழு வேண்டும் என்பதை 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் வற்புறுத்துகிறது. சட்டத்தைப் பற்றி இங்கே இவ்வளவு போதும். செய்ய வேண்டியது: காண்டிராக்ட் தொழிலாளர் ஒருவருக்கும், பெண் தொழிலாளர் ஒருவருக்கும் குழுவில் இடம் கொடுங்கள், கூட்டத்தில் அவர்களை முதலில் பேச விடுங்கள், முடிவு ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயரும் தேதியும் எழுதுங்கள்.

வெயிலைச் சமாளித்தல்

மார்ச் பிறந்ததும் இக்கரையில் வெயிலின் தன்மை மாறிவிடுகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பி ‘இன்று அவ்வளவு உஷ்ணம் இல்லை’ என்று முடிவு கட்டுபவர், புழுக்கத்தை மறந்துவிடுகிறார்.

1. புதிதாக வேலைக்கு வந்தவரை முதல் நாள் வெயிலில் முழு ஷிப்டும் நிறுத்தாதீர்கள். முதல் நாள் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வெப்பமான இடத்தில். பின்னர் நாளுக்கு நாள் அதே அளவு கூட்டிக்கொண்டு போகலாம். நீண்ட விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பிய பழைய தொழிலாளிக்கும் பாதி நேரத்திலிருந்து தொடங்கும் இத்தகைய ஏற்பாடு வேண்டும். வெயிலில் மயங்கி விழுபவர்களில் முதல் சில நாள்களிலேயே விழுபவர் மிகுதி என்பதை உலகெங்கும் கண்டிருக்கிறார்கள்.

2. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் 20 நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். ஒரே மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிப்பதும் கேடு தரும். ஆகையால் ‘நிறையக் குடி’ என்று சொல்வதைக் காட்டிலும் ‘அடிக்கடி குடி’ என்று சொல்லுங்கள்.

3. தண்ணீர் ஆளைத் தேடி வர வேண்டும். குளிர்நீர் இயந்திரம் கேன்டீனில் இருந்து, சாக்குமூட்டை ஏற்றும் தளம் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், அந்த இயந்திரம் அத்தொழிலாளிக்கு இல்லாததற்குச் சமம். கேனைத் தள்ளுவண்டியில் அனுப்புங்கள்.

4. பதினொன்றரை முதல் மூன்றரை வரை திறந்த வெளியில் சாரம் கட்டுதல், பற்றவைத்தல், கூரை வேலை ஆகியவற்றை நிறுத்தி, அவற்றை விடியற்காலைக்கு மாற்றுங்கள்.

5. எவரையும் தனியாக வேலை செய்ய விடாதீர்கள். உஷ்ணத்தால் புத்தி தடுமாறத் தொடங்கியவருக்குத் தாம் தடுமாறுவது தெரியாது. அருகில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நீர்மோர், இளநீர், நுங்கு ஆகியவை இப்பிரதேசத்தில் எளிதில் கிடைப்பவை, தாராளமாகக் கொடுக்கலாம். பதநீரும் பானகமும் உற்சாகம் தருபவையே ஆயினும் அவற்றில் சர்க்கரை மிகுதி. நீரிழிவு உடையவருக்கு அவை ஆகா. உப்பு மாத்திரை விழுங்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் அச்சிட்டபடி முழு ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். ஒரு தம்ளரில் கரைத்து ‘ஸ்ட்ராங்காக’க் கொடுப்பது தீங்கு.

*ஒரு குறிப்பு:* பெண் துப்புரவுத் தொழிலாளர் பலர் ஷிப்ட் முழுவதும் தண்ணீரே குடிப்பதில்லை. காரணம் கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு, “பாத்ரூம் ரொம்பத் தூரம், அக்கா, போயிட்டு வந்தா மேஸ்திரி ஏசுவாரு” என்பார்கள். இதற்குத் தண்ணீர் பற்றிய பிரசங்கம் பரிகாரம் ஆகாது. பூட்டும் தண்ணீரும் உள்ள சுத்தமான கழிப்பறை ஒன்றை வேலையிடத்தின் அருகே கட்டுவதும், மேஸ்திரியை அழைத்துக் கண்டிப்பாகப் பேசுவதுமே பரிகாரம். நான் இத்துறையில் கண்டவற்றுள், இவ்வளவு சிறிய செலவில் இவ்வளவு பெரிய நன்மை தரும் காரியம் வேறொன்றில்லை.

வெப்பத்தாக்கு நேர்ந்தால் செய்ய வேண்டியவை: ஆள் உளறுகிறார், தள்ளாடுகிறார், அல்லது நினைவிழந்தார் என்றால் அது சாதாரண மயக்கம் அன்று, உயிராபத்து. நிழலுக்குக் கொண்டுபோய், மேலாடையை நீக்கி, தலைமுதல் கால்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். 108-க்குச் சொல்லுங்கள், ஆனால் வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். ‘வியர்க்கிறதே, ஆகையால் இது வெப்பத்தாக்காய் இராது’ என்று எண்ணுவது பிழை. உழைத்துக்கொண்டிருந்தவர் வியர்வையோடே அதற்கு ஆளாகலாம்.

அமோனியா: காற்றை அறிந்துகொள்ளுதல்

உர ஆலையிலும், மீன் பதனிடும் குளிர்ச்சாலையிலும், பனிக்கட்டி ஆலையிலும் பொதுவாய் உள்ள அபாயம் அமோனியா. 2024 ஜூலையில் தூத்துக்குடியை அடுத்த புதூர்பாண்டியாபுரத்தில் மீன் பதனிடும் ஆலையொன்றில் அது கசிந்து, அங்கே வேலை செய்த பெண்கள் பலர் மூச்சுத் திணறி மருத்துவமனை சேர்ந்தனர். அதற்கு ஏழு மாதம் முன், 2023 டிசம்பர் 26 இரவில், எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியாவால் பெரியகுப்பத்து மக்கள் வீடுகளை விட்டு ஓட நேர்ந்தது. முன்னது ஆலைக்குள் இருப்பவரையும், பின்னது வேலிக்கு வெளியே வாழ்பவரையும் பற்றி நமக்கு எச்சரிக்கை சொல்கின்றன.

அதன் குணங்களில் நீங்கள் அறிய வேண்டியவை மூன்றே. முதலாவது, எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு என்பது ஏற்கத்தக்க எல்லை. 300 பங்கு உயிருக்கு உடனடி ஆபத்து. இரண்டாவது, அது தண்ணீரில் மிக விரைவாகக் கரையும். ஆகையால்தான் ஈரமான கண்ணையும் தொண்டையையும் தாக்குகிறது, ஆகையால்தான் தண்ணீரே அதற்கு மருந்து. மூன்றாவது, வாயுவாக அது காற்றைவிட இலேசானது எனினும், மைனஸ் 33 பாகை குளிரில் திரவமாய் இருந்தது பீறிட்டு வெளிவரும்போது வெண்புகையாகத் தரையோடு தவழும். ‘அமோனியா மேலே போய்விடும்’ என்று படித்ததை நம்பித் தாழ்ந்த இடத்தில் நின்றவர் சிக்கிக்கொள்வார்.

இனி, இக்கடற்கரைக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். ஆலைகளில் ஒன்றுகூடும் இடம் என்று ஒரே ஒரு பச்சைப் பலகையை நட்டுவிட்டு, வருஷம் முழுவதும் அதற்கே எல்லோரையும் ஓடப் பழக்குகிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கச்சான் வீசுகிறது. அப்போது கசிவு கடலையும் துறைமுகத்தையும் நோக்கிப் போகும். ஐப்பசிக்கு மேல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வாடையும் கொண்டலும் வருகின்றன. அப்போது அதே கசிவு குடியிருப்புகளையும் உப்பளங்களையும் நோக்கித் திரும்பும். இவை போதாவென்று, பகலில் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றும் மாறி மாறி வீசும் நாள்களும் உண்டு. கடலுக்குப் போகும் மீனவர் ஒருவரைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து, மாதவாரியாகக் காற்றின் போக்கைச் சொல்லக் கேளுங்கள். வானிலை நிலையத்தின் பதிவோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு:

1. எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஒன்றுகூடும் இடங்களையாவது அமைத்து, ஒன்றுக்கு ‘கச்சான் கேட்’ என்றும் மற்றொன்றுக்கு ‘வாடை கேட்’ என்றும், தொழிலாளர் நாவில் வழங்கும் பெயரையே இடுங்கள். அந்தந்தக் காற்று வீசும் பக்கத்தில், அதாவது காற்று வருகின்ற பக்கத்தில், அந்த வாயில் இருக்க வேண்டும்.

2. எந்த இடத்தில் நின்றாலும் ஒரு காற்றுப்பையாவது கண்ணில் படும்படி உயரமான இடங்களில் கட்டுங்கள். உப்புக்காற்றில் துணி சில மாதங்களிலேயே நைந்து, வளையம் துருப்பிடித்து, பை கம்பத்தோடு சுற்றிக்கொண்டு, எந்தக் காற்றுக்கும் ஒரே திசையைக் காட்டி நிற்கும். அந்தப் பை இல்லாத பையைவிட மோசமானது. மாதம் ஒருமுறை ஒருவர் மேலேறிச் சோதித்துக் கையெழுத்திட ஏற்பாடு செய்யுங்கள். இரவில் தெரிய விளக்கும் வையுங்கள்.

3. கசிவு நேர்ந்தால் முதலில் காற்றுப்பையைப் பார்க்க வேண்டும். காற்றுக்குக் குறுக்காக நடந்து புகையின் பாதையிலிருந்து விலகி, பின்னர் காற்று வரும் பக்கம் போக வேண்டும். புகை போகும் திக்கிலேயே ஓடுவது, அதனோடு சேர்ந்து ஓடுவதாகும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது தப்பிச்செல்லும் சில நிமிடங்களுக்கு உதவும். அதனைக் கட்டிக்கொண்டு வால்வை மூடப் போவது தற்கொலை. அந்த வேலை, காற்று உருளை பூட்டிய சுவாசக் கருவியும் பயிற்சியும் உடைய இருவருக்கு மட்டுமே உரியது.

4. தண்ணீரைப் புகையின் மேல் திரைபோல் பீய்ச்சுங்கள். தரையில் தேங்கிய திரவத்தின் மேல் பீய்ச்சாதீர்கள். அது இன்னும் வேகமாக ஆவியாகும்.

5. தலை எண்ணிக்கை எடுக்கும்போது கேட் பாஸ் பதிவேட்டையும் சேர்த்து எண்ணுங்கள். சரக்கு லாரி ஓட்டி வந்தவர், கேன்டீனுக்குக் காய்கறி கொண்டுவந்தவர் ஆகியோர் எந்த மஸ்டர் ரோலிலும் இல்லாதவர்கள்.

6. வேலிக்கு வெளியே உள்ள ஊர்த் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், தேவாலயப் பொறுப்பாளர் ஆகியோரின் தொலைபேசி எண்கள் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும். சைரன் ஒலியின் பொருளை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

அவசர ஷவரும் கண்கழுவியும்

கண்ணில் அமோனியாவோ காஸ்டிக் சோடாக் கரைசலோ பட்டால், இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்; அதன் பிறகே மருத்துவர். களிம்பும் தாய்ப்பாலும் எண்ணெயும் கூடா. திரவ அமோனியா பட்டு உடை தோலோடு உறைந்துவிட்டால் அதனைப் பிய்த்தெடுக்காமல், தண்ணீர் ஊற்றி நெகிழச் செய்த பின் கழற்றுங்கள்.

இவ்வளவையும் அறிந்த ஆலையிலும் ஷவர் தவறிவிடுகிறது. நம் ஊரில் அது எப்படித் தவறுகிறது என்பதை நீங்களே பரீட்சித்துப் பார்க்கலாம். ஏப்ரல் மாதத்து நடுப்பகலில், திறந்த வெளியில் நிற்கும் ஷவரின் கைப்பிடியை இழுத்து, முதலில் விழும் தண்ணீரில் உங்கள் உள்ளங்கையை நீட்டுங்கள். வெயிலில் காய்ந்த இரும்புக் குழாயில் தேங்கிக்கிடந்த அந்த நீர் கையை இழுத்துக்கொள்ளும்படி சுடும். வெந்த கண்ணோடு வருபவர் அதனடியில் 15 நிமிடம் எவ்வாறு நிற்பார்? வேறு சில இடங்களில் கைப்பிடி உப்புக்காற்றில் இறுகி, இரண்டு ஆள் தொங்கினாலும் அசையாது. ஆகையால்:

1. குழாயைத் தரைக்கடியில் கொண்டுவாருங்கள். இயலாவிடில் வெப்பம் புகாத உறையிட்டு, மேலே நிழற்கூரை போடுங்கள். நீரின் வெப்பம் 16 முதல் 38 பாகைக்குள் இருக்க வேண்டும்.

2. வாரம் ஒருமுறை, நிறம் தெளியும் வரை தண்ணீரைத் திறந்துவிடுங்கள். கோடையில் ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் சிறிது நேரம் திறந்துவிடுங்கள்.

3. அபாய இடத்திலிருந்து பத்து விநாடி நடையில் ஷவர் இருக்கட்டும். வழியில் பீப்பாய், சைக்கிள், சாக்கு எதுவும் கிடக்கலாகாது.

4. பயிற்சியின்போது தொழிலாளியின் கண்ணைக் கட்டி, நின்ற இடத்திலிருந்து ஷவரைத் தேடிப் போகச் சொல்லுங்கள். விபத்தன்று அவர் கண்ணைத் திறக்க இயலாது.

தொட்டிக்குள் இறங்குதல்

தொட்டி, கலன், கழிவுநீர்க்குழி ஆகியவற்றுக்குள் இறங்கும் வேலையில் ஒருவரை மீட்கச் சென்ற இன்னொருவரும், அவரை மீட்கச் சென்ற மூன்றாமவரும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் பத்திரிகையில் படித்துக்கொண்டேயிருக்கிறோம். உர ஆலையில் கலன்களைச் சுத்தம் செய்யச் செலுத்தும் நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; பிராணவாயு குறைந்த கலனில் தலையை நீட்டியவர், இருமவும் அவகாசமின்றி விழுகிறார்.

இவ்விஷயத்தில் இக்கரையின் பழைய தொழிலே நமக்கு ஆசான். முத்துக்குளிப்பில், கல்லைக் காலில் பற்றிக்கொண்டு அடியில் இறங்குபவனுக்கு மேலே படகில் கயிறு பிடித்திருப்பவன் ஒருவன் உண்டு. கயிற்றின் அசைவே அவர்களுக்குள் பேச்சு. தன் தங்கை தாலியறுக்க ஒருவன் சம்மதிக்கமாட்டான் என்பதால் மைத்துனனையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று செவிவழிச் செய்தி உண்டு. 1961-க்குப் பின் இங்கே அரசின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லையாயினும், தொட்டியின் வாயில் நிற்கும் காவலாளிடம் நாம் எதிர்பார்ப்பது அந்தக் கயிறுகாரனின் கவனத்தையே.

1. தொட்டியோடு இணைந்த குழாய்களை வால்வை மூடுவதோடு விடாமல், அடைப்புத் தகடு போட்டுத் துண்டியுங்கள். மின்சார சுவிட்சைப் பூட்டி, சாவியை இறங்குபவரே பையில் வைத்துக்கொள்ளட்டும்.

2. காற்றடித்துச் சுத்தம் செய்த பின், மேலும் நடுவும் அடியும் என மூன்று மட்டங்களில் காற்றைச் சோதியுங்கள். பிராணவாயு 19.5-க்கும் 23.5-க்கும் இடைப்பட்ட சதவீதம். தீப்பற்றும் வாயு அதன் கீழ்எல்லையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிறகே அமோனியா முதலிய நச்சுகள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பிராணவாயு குறைந்தால் மற்ற அளவீடுகள் பொய் சொல்லக்கூடும்.

3. உள்ளே 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கு கூடாது.

4. இறங்குபவர் உடற்பட்டியும் கயிறும் அணிந்து, கயிற்றின் மறுமுனை மேலேயுள்ள முக்காலித் தூக்கியில் கட்டப்பட்டிருக்கட்டும்.

5. காவலாள் அந்த இடத்தை விட்டு அகலக் கூடாது. கைப்பேசியில் பேசக் கூடாது. ‘ஒரு நிமிஷம் அந்த ஸ்பேனரை எடுத்துவா’ என்று மேற்பார்வையாளரே சொன்னாலும் போகக் கூடாது. எக்காரணத்தாலும் உள்ளே இறங்கக் கூடாது. இந்த நான்கையும் அவர் உரக்கச் சொல்லிக் காட்டிய பிறகே பெர்மிட்டில் கையெழுத்திடுங்கள்.

6. உணவு இடைவேளைக்குப் பின் மீண்டும் இறங்குமுன் மறுபடி சோதியுங்கள். காலையில் எடுத்த அளவு மாலைக்குச் செல்லாது.

பரிசோதனையும் இரகசியமும்

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆலைத் தொழிலாளரிடையே சாதாரணமாகிவிட்டன. வேலையிடத்துக்கே வந்து இவற்றைச் சோதிக்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழக அரசு நடத்துகிறது. மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதி உங்கள் ஆலையையும் சேர்க்கச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை கிடைக்காத காண்டிராக்ட் தொழிலாளர் எவரேனும் உளரா என்று அதே சமயத்தில் பார்த்துவிடுங்கள்.

முகாம் நடத்துவது எளிது; முகாமுக்குப் பிந்திய வாரத்தில்தான் திட்டம் பிழைக்கிறது அல்லது சாகிறது. ஒருவருக்கு இரத்த அழுத்தம் என்ற செய்தி காண்டிராக்டர் காதில் விழுந்து, மறுநாள் அவர் கேட் பாஸ் புதுப்பிக்கப்படாமல் போனால், அடுத்த முகாமுக்கு வருபவர் எல்லோரும் நோயை மறைக்கவே வருவர். சிலர் காலையில் மாத்திரையை இரட்டிப்பாக விழுங்கிவிட்டும் வருவர். ஆகையால் பரிசோதனை முடிவு மருத்துவருக்கும் அந்தத் தொழிலாளிக்கும் மட்டுமே தெரிய வேண்டும். நிர்வாகத்துக்குப் போகும் சீட்டில் ‘உயரத்தில் வேலை செய்யத் தகுதி உண்டு’ அல்லது ‘மூன்று வாரம் தரைவேலை’ என்னும் அளவே இருக்கட்டும். தரைவேலைக்கு மாற்றப்பட்டவருக்குக் கூலி குறையாது என்று காண்டிராக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். இது கைகூடாவிட்டால் முகாமையே தள்ளி வையுங்கள்.

கேன்டீனைப் பொறுத்தவரை, பரோட்டாவையும் வடையையும் தடைசெய்து பகை தேடிக்கொள்ள வேண்டாம். இரவு ஷிப்டில் அவை மட்டுமே கிடைக்கும் நிலையை மாற்றி, சுண்டலும் இட்லியும் சூடாகக் கிடைக்கச் செய்யுங்கள்; தேநீரில் சர்க்கரையைத் தனியே வையுங்கள். தீப்பெட்டிக்குத் தடையுள்ள ஆலையில் புகையிலை மெல்லும் பழக்கம் மறைவாகப் பரவும். பல் மருத்துவரை அழைத்து வாயைப் பரிசோதிக்கச் செய்வது எந்தச் சுவரொட்டியைக் காட்டிலும் பலன் தருகிறது.

உறக்கத்தைப் பற்றி ஒரு சொல். இந்நகரில் கோரல் ஆலைத் தொழிலாளர், வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்த, 1908 பிப்ரவரி 27 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு வாராந்தர விடுமுறையையும் கேட்டுப் பெற்றனர். அவ்வாறு பெற்ற ஓய்வை ‘டபுள் ட்யூட்டி’ என்னும் பெயரால் நாமே கரைத்துவிடுகிறோம். தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்தவருக்குக் கிரேன், தொட்டி, உயரம் ஆகிய மூன்றும் மறுக்கப்படட்டும். இரவு மூன்று முதல் ஐந்து மணி வரை உடல் மிகவும் தளர்ந்திருக்கும். பெர்மிட் வேண்டும் வேலைகளை அந்நேரத்தில் வைக்காதீர்கள்.

ஷட்டவுனும் மழையும்

வருடாந்தர ஷட்டவுனில் வெளியூரிலிருந்து நூற்றுக்கணக்கானோர் புதிதாக வருவர். தமிழ் அறியாதவரும் அவருள் உண்டு. அறிவுரையை அவர்கள் மொழியில் சொல்ல ஒருவரை அமர்த்துங்கள். சைரனையும் இரண்டு கேட்டுகளையும் நேரில் நடத்திக் காட்டுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து மாவட்டமே வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். புரட்டாசிக்குள் வடிகால் தூர்வாருதல், மின்பலகைகளை உயர்த்துதல், ஷிப்ட் மாற்ற ஆள் வராமல் உள்ளேயே தங்க நேர்பவர்களுக்காக மூன்று நாள் உணவும் குடிநீரும் மருந்தும் சேமித்தல் ஆகியவற்றை முடித்துவிடுங்கள். வெள்ளநீரில் நடந்தவர் காலில் புண் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். எலிக்காய்ச்சல் அவ்வழியே வருகிறது.

நூலிழையில் தப்பியவற்றின் பதிவேடு

இறுதியாக, ஒரு சாதாரண கோடிட்ட நோட்டுப் புத்தகத்தைக் காண்டிராக்ட் தொழிலாளர் உடை மாற்றும் இடத்தில் பேனாவோடு கட்டித் தொங்கவிடுங்கள். பெயர் எழுதத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் சொல்ல மற்றவர் எழுதலாம். ‘மூன்றாம் படியில் கம்பி ஆடுகிறது’, ‘45 கிலோ யூரியா மூட்டை கன்வேயரிலிருந்து சரிந்தது, யாருக்கும் அடியில்லை’ என்பன போன்ற வரிகள் அதில் வரும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் குழுவில் ஒருவர் அதனை வாசித்து, ஒவ்வொரு வரியின் கீழும் சிவப்பு மையில் என்ன செய்யப்பட்டது என்றும், செய்ய இயலாததாயின் ஏன் இயலவில்லை என்றும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதியவர் யார் என்று விசாரிக்க முற்படும் மேற்பார்வையாளரை முதன்முறையிலேயே தடுத்துவிடுங்கள். ஒரு மாதம் வெறும் பக்கமாகவே இருந்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணாமல், சென்ற வாரங்களில் எழுதப்பட்டவற்றுள் எதற்குப் பதில் எழுதாமல் விட்டோம் என்று பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள்.